அக்காவின் கழுத்து

1

போன மார்ச்சோடு நான் பிரான்சுக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் முடிந்தது. யாரும் கொண்டாடுகிற நாள் இல்லை, எனக்கு மட்டும்தான் தெரியும். ஒவ்வொரு வருஷமும் அந்தத் தேதியில் ஏதாவது கெட்ட சேதி வரும் என்று ஒரு பயம் உண்டு. வந்ததே இல்லை. வராததாலேயே அடுத்த வருஷம் பயம் இன்னும் கொஞ்சம் கூடிவிடும். நான் அப்படிப்பட்ட ஆள். காஸ் அடுப்பை மூடிவிட்டேனா என்று பார்க்க ரயில் நிலையத்திலிருந்து திரும்பி வந்திருக்கிறேன். அதுவும் வீட்டில் இருப்பது மின்சார அடுப்பு.

பாரிசுக்கு வெளியே ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடத்தைக் கூட்டித் துடைப்பது என் வேலை. காலை ஆறு மணிக்குப் போய்விட வேண்டும். எட்டாவதோடு படிப்பை நிறுத்தினவள் பதினோரு வருஷமாக ஒருநாள் தவறாமல் பள்ளிக்கூடம் போகிறேன். என் வீட்டுக்காரர் இதை வைத்தே என்னைக் கிண்டல் செய்வார். “இந்த வருஷமாவது பாஸ் பண்ணுவியா செல்வி?”

போன மார்ச்சில் அந்தத் தேதியன்று காலை தாழ்வாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மகள் நித்யாவிடமிருந்து போன். காலை ஆறரைக்கு அவள் கூப்பிட்டால் நல்ல சேதியாக இருக்காது என்றே எடுப்பேன்.

“அம்மா, பெரியம்மாவின் தாள் இன்னும் வரவில்லை. தாள் இல்லையென்றால் ஓவியத்தை மாட்ட அனுமதிக்க மாட்டார்கள்.”

சனிக்கிழமை தமிழ் வகுப்பில் கற்றுக்கொண்ட தமிழ் அது. புத்தகம் பேசுவது போலவே பேசுவாள். பேசுகிறாளே, அதுவே போதும் என்று விட்டுவிட்டேன்.

2

என்ன தாள், என்ன ஓவியம் என்று சொல்லிவிடுகிறேன்.

நித்யா ஓவியக் கல்லூரியில் கடைசி வருஷம். முடிக்கிற வேலையாக ஆறு பெரிய ஓவியங்கள் செய்தாள். ஒவ்வொன்றும் ஓர் ஆள் உயரம். ஆறிலும் நம் விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துப் பெண்கள். போன ஜனவரியில் அதற்காகவே ஊருக்குப் போய் ஒரு மாதம் சுற்றினாள். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டைக் கூட்டுகிற அஞ்சலை. அங்கேயே இட்லிக் கடை வைத்திருக்கும் ஒரு திருநங்கை. திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, உடைக்கிற பெண். செங்கல் சூளையில் ஒருவர். நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிற ஒருவர். ஆறாவது என் அக்கா தனம். மரக்காணம் உப்பளத்தில் முப்பது வருஷமாகத் தலையில் உப்புச் சுமக்கிறவள்.

இந்த நாட்டில் ஒருவரை வரைந்து பொது இடத்தில் மாட்ட வேண்டுமென்றால் அந்த ஆள் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டுமாம். “கீழே கையெழுத்திட்ட நான், இந்த ஓவியத்தில் இருப்பது நானே என்று அறிவித்துச் சம்மதிக்கிறேன்” என்று ஒரு தாள். அதைத் தமிழிலும் எழுதிக்கொண்டு போயிருந்தாள் நித்யா. ஐந்து பேரும் ஒரு பேச்சுப் பேசாமல் போட்டுக்கொடுத்தார்கள். அஞ்சலை மட்டும் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, “கையெழுத்தா? கூட்டறவ கையெழுத்து இன்னாத்துக்கு கண்ணு? இத்தினி வருஷத்துல நீதான் மொத ஆளு கேக்கறது” என்றாராம். கேட்டுவிட்டு இனிஷியலோடு போட்டாராம்.

ஊரில் யார் யாரோ போட்டார்கள். சொந்தப் பெரியம்மா மட்டும், படத்தைப் பார்த்துவிட்டுப் போடுகிறேன் என்றாள்; பார்த்த பிறகும் போடவில்லை.

இதில் என் தப்பும் உண்டு. ஜனவரியில் உப்பளத்தில் மழைத்தண்ணீர் நிற்கும், வேலை இருக்காது. அதனால் நித்யா அக்காவின் முகத்தை மட்டும் போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். உடம்பை இங்கே வரைந்தாள். அதற்கு நின்றது நான். ஆம்பிளைச் சட்டையைப் புடவைக்கு மேல் போட்டுக்கொண்டு, துணி துவைக்கிற பிளாஸ்டிக் தொட்டியில் பத்து கிலோ அரிசி மூட்டையை வைத்துத் தலையில் தூக்கிக்கொண்டு, எங்கள் சமையலறையில் ஒரு வாரம் சாயங்காலம் சாயங்காலம் நின்றேன். அரிசி கொட்டிவிடுமோ, கீழ் வீட்டுக்காரர் சத்தத்துக்கு மேலே வருவாரோ என்று தரையைப் பார்த்தபடியே நின்றேன்.

படம் முடிந்ததும் அதைப் போனில் அக்காவுக்கு அனுப்பினோம். தாளையும் அனுப்பினோம். இரண்டு வாரம் பதில் இல்லை. பிறகு குரலில் ஒரு சேதி வந்தது.

“செல்வி, பாத்தேன். வாணாம். நான் கையெழுத்து போடமாட்டேன். பாப்பாவ தப்பா நெனைக்க வாணாம்னு சொல்லு.”

அவ்வளவுதான். ஏன் என்று சொல்லவில்லை. நான் எத்தனை தடவை கூப்பிட்டுக் கேட்டும், “வுடு, அப்பறம் பேசிக்கலாம்” என்றே வைத்துவிட்டாள்.

3

சொல்லாத காரணத்தை நானே கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடிப்பதில் நான் கெட்டிக்காரி. அக்கா மகன் முருகன் விழுப்புரத்தில் ஒரு டயர் கடையில் கணக்குப் பார்க்கிறான், பெண் தேடிக்கொண்டிருக்கிறார்கள். மாப்பிள்ளையின் அம்மா கிழிந்த சட்டையோடு உப்புக் கூடை சுமக்கிற படம் பிரான்சில் மாட்டியிருக்கிறது என்று பெண் வீட்டுக்குத் தெரிந்தால்? போனில் சுற்றிச் சுற்றி வந்து சேராதா? அக்காவுக்கு அவமானம். அதுதான் காரணம். வேறென்ன இருக்க முடியும்?

இதை இவ்வளவு சீக்கிரம் நான் புரிந்துகொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. அந்த அவமானம் முதலில் என்னிடம்தான் இருந்தது. இங்கே நம் ஆட்கள் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மண்டபம் எடுத்துக் கூடுவோம். வந்த புதிதில் ஒரு அம்மா, “உங்க வீட்டுல என்ன தொழில்?” என்று கேட்டார். “உப்பு வியாபாரம்” என்று சொல்லிவிட்டேன். வாயிலிருந்து தானாக வந்தது. இருபது வருஷமாக அந்த வியாபாரம் ஓடிக்கொண்டிருந்தது.

“ஒரு ஓவியம் போனால் போகட்டும் நித்யா. அஞ்சு மாட்டு. பெரியம்மாவ தொந்தரவு பண்ண வேணாம்” என்றேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள். “அம்மா, வெட்கப்படுவது பெரியம்மாவா? நீயா?”

இந்த ஊரில் பிறந்த பிள்ளைகள் இப்படித்தான். நாம் மூடி வைத்த பாத்திரத்தைத் திறந்து பார்த்துவிட்டு, மூடாமல் போய்விடுவார்கள். நான் வெங்காயம் நறுக்கினேன்.

ஏப்ரல் விடுமுறைக்கு டிக்கெட் போட்டாள். எனக்கும் சேர்த்து.

4

ஓவியத்தைச் சட்டத்திலிருந்து கழற்றிச் சுருட்டி, நீளக் குழாயில் போட்டுக்கொண்டோம். இதை எப்படி விமானத்தில் விடுவார்கள் என்று மூன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. சென்னையில் அதிகாரி குழாயைத் திறக்கச் சொன்னார். ஓரத்தைக் கொஞ்சம் விரித்துப் பார்த்தார்.

“யாருமா இது?”

“எங்க அக்கா சார்.”

“அக்காவ எதுக்குமா சுருட்டி எடுத்துக்கினு வர்றீங்க?” என்று சிரித்துவிட்டு விட்டுவிட்டார். நான் எழுதி மனப்பாடம் செய்து வைத்திருந்த பதில்கள் எல்லாம் வீண்.

திண்டிவனத்தில் இறங்கி மரக்காணம் பஸ் பிடித்தோம். அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பகல் பன்னிரண்டு. அப்போதுதான் உப்பளத்திலிருந்து வந்து குளித்து, தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். என்னைவிட எட்டு வயது பெரியவள். அப்பா போன பிறகு அம்மாவும் படுக்கையில் விழ, அம்மாவைப் பார்த்துக்கொள்ள நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். அக்கா உப்பளத்துக்குப் போனாள். நானும் வருகிறேன் என்றால் விடமாட்டாள். “ஒருத்தி தலை போதும்” என்பாள்.

சாப்பிட்டு முடிப்பதற்குள் நித்யா ஆரம்பித்துவிட்டாள்.

“பெரியம்மா, தாங்கள் ஏன் கையொப்பம் இட மறுத்தீர்கள்?”

அக்காவுக்குப் புரை ஏறிவிட்டது. “இன்னாடி செல்வி இது, உம் பொண்ணு தாலுகா ஆபீஸ் லெட்டராட்டம் பேசுது!”

பக்கத்து வீட்டு வசந்தா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். அவளும் அதே உப்பளத்தில் அக்காவோடு சுமக்கிறவள். “தனக்கா, ஃபாரின் படத்த காட்ட சொல்லு. நாங்களும் பாக்கறோம்.”

நான் குழாயைக் கையில் எடுத்துக்கொண்டேன். “இப்ப வேணாம். அப்பறமா…” என்றேன்.

“இன்னாத்துக்கு அப்பறம்? விரி” என்றாள் அக்கா.

சிமெண்டுத் தரையில் பாயைச் சுருட்டி ஓரம் வைத்துவிட்டு, ஓவியத்தை விரித்து நாலு மூலையிலும் சொம்பு, டம்ளர் என்று வைத்தோம். வெள்ளை வெளேரென்று உப்பளம். நடுவில் அக்கா. நீலக் கட்டம் போட்ட ஆம்பிளைச் சட்டை, தலையில் துணிச் சும்மாடு, அதன்மேல் கூடை. முகம் குனிந்து, கண் தரையில். பார்த்தால் மனசு உருகும். கல்லூரியில் பார்த்தவர்கள் எல்லாருக்கும் கண் கலங்கியதாக நித்யா சொல்லியிருந்தாள்.

அக்கா கலங்கவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஓவியத்தைச் சுற்றி வந்தாள். வீட்டுக் கூரை போட்ட மேஸ்திரியின் வேலையைப் பார்ப்பது போலப் பார்த்தாள். நான் முந்திக்கொண்டேன்.

“அக்கா, முருகனுக்கு பொண்ணு பாக்கற நேரம், உனக்கு கஷ்டமா இருந்தா வேணாம். நான் பாப்பாகிட்ட சொல்லிட்டேன். இந்த சட்டையோட, இந்தக் கோலத்துல…”

“சட்டைக்கு இன்னா? நல்ல சட்டைதான். உப்புத் தண்ணி ஒழுவாம இருக்கத்தான் போடறோம். அதுல இன்னா கோலம்?” என்றாள். “முருகனுக்கு வர்ற பொண்ணு அவன் அம்மா இன்னா வேலை செஞ்சான்னு தெரிஞ்சிக்கினே வரட்டும். தெரியாம வந்தாதான் பேஜாரு.”

“அப்பறம் ஏன்?”

அக்கா வசந்தாவைப் பார்த்தாள். “நீ சொல்லுடி. இதுல தப்பு இன்னா?”

வசந்தா குனிந்து பார்த்தாள். ஒரு நொடிகூட ஆகவில்லை. “தல குனிஞ்சிக்கினு கீதே தனக்கா. உப்பு கொட்டிடுமே!”

“அதான்!” என்று அக்கா கை தட்டினாள்.

எங்களுக்குப் புரியவில்லை. அக்கா மூலையில் கிடந்த கூடையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“பாரு பாப்பா. பாத்திக்கும் பாத்திக்கும் நடுவால வரப்பு ஒரு அடிகூட இருக்காது. எனக்கு முன்னால பத்து பேரு, பின்னால பத்து பேரு. கீழ பாத்தேன்னு வெச்சிக்க, கூடை முன்னால சாயும், மொத்த உப்பும் போச்சி. பின்னால வர்றவ என் மேல மோதுவா. கண்ணு நேரா எதிர பாக்கணும். வரப்பு எங்க கீதுன்னு காலு தானா பாத்துக்கும். முப்பது வருஷமா கூடைய எடுத்துக்கினு நான் தல குனிஞ்சதே இல்ல. முதலாளி எதிர வந்தாலும் குனியமாட்டேன். குனியவே முடியாது. வேலையே அப்படி.”

கூடையை இறக்கி வைத்தாள்.

“இந்தப் படத்த எங்க ஆளுங்க பாத்தா இன்னா சொல்லுவாங்க? தனத்துக்கு வேலை தெரியலன்னு சொல்லுவாங்க. அந்த நாட்டுக்காரங்க பாத்தா அய்யோ பாவம்னு சொல்லுவாங்க. ரெண்டுக்கும் நான் கையெழுத்து போடமாட்டேன்.”

நித்யாவின் கன்னம் சிவந்திருந்தது. அக்கா தரையில் உட்கார்ந்து, ஓவியத்தின் தோளில் விரல் வைத்தாள்.

“மூஞ்சி என்னுது. நல்லா போட்டிருக்க, மூக்குகூட அப்படியே. கழுத்து என்னுது இல்ல.” என்னைத் திரும்பிப் பார்த்தாள். “இது உன் கழுத்துடி செல்வி. இல்லியா?”

எப்படிக் கண்டுபிடித்தாள்? நான் ஆமாம் என்று தலையாட்டினேன். சமையலறை, தொட்டி, அரிசி மூட்டை எல்லாவற்றையும் சொன்னேன். சொன்ன வேகத்தில் மற்றதையும் சொல்லிவிட்டேன். உப்பு வியாபாரத்தைப் பற்றியும். சொல்லிவிட்டு அழுதேன்.

அக்கா சிரித்த சிரிப்பில் தெருவில் போன ஒருவர் நின்று பார்த்தார். “வியாபாரமா! அப்ப நீ முதலாளியம்மா. வசந்தா, வணக்கம் சொல்லுடி, முதலாளியம்மா பிரான்ஸ்ல இருந்து வந்துகீறாங்க! அம்மா, நாளைக்கு எங்களுக்கு ஒரு நாள் லீவு குடுங்கம்மா!”

வசந்தா கும்பிட்டே விட்டாள். அழுதுகொண்டிருந்த நானும் சிரித்துவிட்டேன். இருபது வருஷம் சுமந்தது அந்த ஒரு சிரிப்பில் இறங்கிவிட்டது.

5

மறுநாள் விடியற்காலை அக்கா நித்யாவை உப்பளத்துக்கு அழைத்துப் போனாள். எப்படியும் பிள்ளை கால் வழுக்கி விழுந்துவிடுவாள் என்று நானும் பின்னாலேயே போனேன். நான் அவ்வளவு கிட்டத்தில் அதுவரை பார்த்ததில்லை. ஆண்கள் பலகையால் உப்பை இழுத்துக் குவிக்கிறார்கள். பெண்கள் கூடையில் வாங்கி, வரப்பு மேல் வரிசையாக வந்து மேட்டில் கொட்டுகிறார்கள். வெயில் ஏற ஏற அந்த வெள்ளையைப் பார்க்கக் கண் கூசியது. கூடையிலிருந்து ஒழுகுகிற தண்ணீர் காதோரம், கழுத்தோரம் வழிந்து சட்டைக்குள் போகிறது. அத்தனை பேரும் நிமிர்ந்து வருகிறார்கள். ஒருத்தியோடு ஒருத்தி சண்டை போட்டுக்கொண்டு, நேற்றைய சீரியலைப் பேசிக்கொண்டு, தலை மட்டும் அசையாமல்.

இது சுகமான வேலை என்று நான் சொல்ல வரவில்லை. அக்காவின் பாதம் முழுக்க வெடிப்பு, உப்புப் பட்டு ஆறாது. ஆனால் அன்றைக்கு அந்த வரிசை எதிரே வந்தபோது, வழியில் நின்ற நான்தான் ஒதுங்கி நின்றேன். ஏதோ பெரிய மனிதர்கள் வருகிறார்கள் என்று தோன்றியது. அதில் ஏழாவது ஆள் என் அக்கா.

நித்யா ஐந்து நாள் காலையில் வரப்பு முனையில் உட்கார்ந்து வரைந்தாள். புதுச்சேரி போய் ஓவியத் துணி வாங்கி வந்து, அக்கா வீட்டுச் சுவரில் ஆணி அடித்து மாட்டி, புதிதாக ஆரம்பித்தாள். பகலெல்லாம் தெருவே வந்து பார்த்தது. ஆளுக்கொரு யோசனை.

“தனக்கா, மூக்கு பெருசா கீதே?”

“என் மூக்கு பெருசுதான்டி. நீ இப்பதான் பாக்கறியா?”

“கூடைய இன்னும் கொஞ்சம் பின்னால தள்ளு பாப்பா. நெத்தி தெரியணும்.”

நித்யா எல்லாருக்கும் பதில் சொன்னாள். மூன்றாம் நாள், “இன்னா பெரிம்மா, ஜல்தி வாங்க, வெளிச்சம் போய்க்கினு இருக்குது” என்று அவள் வாயிலிருந்து வந்தது. நான் அடுப்படியில் நின்று கேட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நிறுத்திவிடுவாளோ என்று பயம்.

ஒன்பதாம் நாள் ஓவியம் முடிந்தது. அக்கா மறுபடியும் இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள். இந்தத் தடவை சுற்றி வரவில்லை. எதிரில் நின்றாள். ஓவியத்திலிருந்தவளும் எதிரில் நின்றாள். அவள் நம்மைத்தான் பார்க்கிறாள். ‘வழி விடு’ என்று சொல்வது போல.

“ம். இவ கூடைய கொண்டாந்து சேத்துடுவா” என்றாள் அக்கா. பேனாவை வாங்கி, எழுத்துக் கூட்டி, தனம் என்று போட்டாள். மூன்று எழுத்துக்கு ஒரு நிமிஷம் ஆனது.

பழைய ஓவியம் ஓரத்தில் சுருண்டு கிடந்தது. நித்யா அதைக் குழாயில் போடப் போனாள்.

“அத்த இன்னா பண்ணப் போற?” என்றாள் அக்கா.

“தெரியவில்லை. தப்பான ஓவியம்தானே.”

“எனக்குத்தான் தப்பு. அதுவும் ஒரு பொம்பள ஒழைக்கிற ஒடம்புதான். தரையப் பாத்து வேலை செய்யறவ தரையத்தான் பாப்பா. மூஞ்ச மாத்து. உங்க அம்மா மூஞ்சிய வை. கூடைய எடுத்துட்டு அவ வேலை செய்யற சாமான வை.” பிறகு என் பக்கம் கையெழுத்தில்லாத இன்னொரு சம்மதத் தாளைத் தள்ளினாள். “நீ போடறியா, மாட்டியா?”

நான் போட்ட கையெழுத்துகளை எண்ண முடியாது. ரெசிடென்ஸ் கார்டுக்கு, வீட்டு வாடகைக்கு, பள்ளிக்கூடத்துக்கு. ஒவ்வொன்றுக்கும் வீட்டுக்காரரையோ நித்யாவையோ நாலு தடவை கேட்டு, எங்கே போட வேண்டும் என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லித்தான் போடுவேன். இந்தத் தாளைத் தமிழில் நானே முழுக்கப் படித்தேன். ‘இந்த ஓவியத்தில் இருப்பது நானே.’ கீழே தொழில் என்று ஒரு கோடு. பள்ளிக்கூடத் துப்புரவு என்று எழுதினேன். போட்டேன்.

6

ஜூனில் கல்லூரிக் கூடத்தில் ஓவியங்களை மாட்டுகிற நாள். ஆறு என்பது ஏழாகிவிட்டது. நான் லீவு போட்டுவிட்டு உதவிக்குப் போனேன். உதவி என்றால், விழுந்துவிடுமோ என்று கீழே நின்று பார்த்துக்கொண்டிருப்பது.

மாட்டுகிறவர் அளவு நாடா வைத்து, எல்லாவற்றையும் கொஞ்சம் உயரமாக, ஒரே கோட்டில் மாட்டினார். அந்தக் கூடத்தின் முறை அதுவாம். அக்காவுக்குக் காட்டலாம் என்று நித்யா வீடியோவில் கூப்பிட்டாள். அக்காவும் வசந்தாவும் ஒரு போனுக்குள் முகத்தை நெருக்கிக்கொண்டு வந்தார்கள்.

“கிட்ட போ… இன்னும் கிட்ட… ஏ பாப்பா, என்னை எதுக்கு அம்மாம் மேல ஏத்தி வெச்சிகீற? சாமி படமா நான்? இல்ல செத்துப் போயிட்டேனா? எறக்கு. ஆளு ஒசரத்துக்கு வை. வர்றவங்க என் கண்ணப் பாத்து நிக்கணும்.”

நித்யா மொழிபெயர்த்தாள். மாட்டுகிறவர் தலையைச் சொறிந்தார், விதி என்றார். நித்யா விடவில்லை, இது அந்த அம்மாவின் ஆணை என்றாள். அவர் போனுக்குள் எட்டிப் பார்த்தார். அக்கா உள்ளேயிருந்து, “நமஸ்தே சார், எறக்குங்க” என்றாள். அவர் சிரித்துக்கொண்டே ஆணியைப் பிடுங்கினார். ஒரு முழம் கீழே இறக்கி மாட்டினார். அக்காவின் கால் தரையைத் தொட்டாற்போல நின்றது. அஞ்சலையையும் மற்றவர்களையும் அதே போல ஒவ்வொன்றாக இறக்கினார். நான் அக்காவுக்கு எதிரே போய் நின்றேன். கண்ணுக்குக் கண் சரியாக இருந்தது.

ஆறும் இறங்கியாயிற்று. கடைசியில் ஒன்று மட்டும் பழைய உயரத்திலேயே இருந்தது. பள்ளிக்கூடத் தாழ்வாரம், துடைப்பான், வாளி, தரையைப் பார்க்கிற ஒரு பெண். அவர் ஏணியை மடித்துவிட்டார். நித்யா போனோடு அந்தப் பக்கம் போய்விட்டாள்.

பிரெஞ்சில் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் நான் முதலில் மனதுக்குள் நாலு தடவை சொல்லிப் பார்ப்பேன். அன்றைக்குச் சொல்லிப் பார்க்கவில்லை. அவர் தோளைத் தொட்டுக் கூப்பிட்டேன்.

“மிஸ்ஸியே, அதையும் இறக்குங்கள். அது நான்.”